கன்று நடுவதற்கு முன்

கார்த்திகை மழை இறங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் மரக்கன்றுகள் வீதிக்கு வந்துவிடுகின்றன. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வங்கிக் கிளைகளும் வேம்பு, மருது, புங்கை, இலுப்பை என்று கன்றுகளை வாங்கிக் குளக்கட்டுகளிலும் வீதியோரங்களிலும் நடுகின்றன. கடல்நீரேரியை அண்டிய ஊர்களில் கண்டல் (அலையாத்தி) கன்றுகளைச் சேற்றில் ஊன்றுகிறார்கள். இந்த உழைப்பின் பின்னால் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கணக்கற்ற பனைகளைப் பறிகொடுத்த மண்ணில் ஒரு கன்றை நடுவோரின் மனம் எத்தகையது என்பதை இங்கே வாழ்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், நடப்பட்ட கன்றுகளின் தொகை அறிக்கைகளில் இடம்பெறுகிற அளவுக்கு, மூன்று கோடைகளைத் தாண்டி நின்ற மரங்களின் தொகை எங்கும் இடம்பெறுவதில்லை. அந்த இரண்டாவது தொகையைத் தேடத் தொடங்கினால், இயற்கையைக் காப்பது பற்றி நம் மனதில் இருக்கும் படத்தையே கலைத்துப் போட்டு வேறுவிதமாக வரைய வேண்டி வருகிறது.

அந்தத் தொகையை இலங்கையில் ஒரு குழு தேடியிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரம் முழுவதும் கண்டல் நடுகை ஓர் அலையாகப் பரவியது. உலகின் பல பக்கங்களிலிருந்து பணம் வந்தது. றுகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று அந்த நடுகைகள் என்ன ஆயின என்று இடம் இடமாகச் சென்று பார்த்து, 2017இல் தன் முடிவுகளை வெளியிட்டது. 23 இடங்களில் மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் நடப்பட்டிருந்தது. அதில் கண்டற்காடாக நிலைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு என்ற மூன்று மட்டும். கன்றுகள் பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான மட்டத்தில் ஊன்றப்பட்டன. ஊன்றிய பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு மாடுகள் மேய்ந்தன, பாசி சுற்றியது, வெயில் சுட்டது.

தவறான மட்டம் என்பதை விளங்கிக்கொள்ளக் கண்டல் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கண்டல் உப்புநீரில் நிற்கும் மரந்தான், ஆனால் எந்நேரமும் நீருள் நிற்கும் மரம் இல்லை. பெருக்கில் நனைந்து வற்றில் மூச்சு விடுவது அதன் வாழ்க்கை. நமது பரவைக் கடலோரத்தில் அதிகம் காணப்படும் கண்ணா மரம், சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களை மேலே நீட்டிக் காற்றை வாங்குகிறது; அந்த வேர்கள் தொடர்ச்சியாக மூழ்கிக் கிடந்தால் மரம் மூச்சடைத்துச் சாகும். தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்ட காய்போலத் தொங்கும் கண்டலின் நாற்று, நீரில் விழுந்து மிதந்து, தனக்குப் பொருந்திய மட்டத்தில் கரையொதுங்கித் தானாகவே வேரூன்றும். அதாவது, நீரோட்டம் சரியாக இருக்கும் இடத்தில் நடுகிற வேலையைக் கடலே செய்துவிடுகிறது. கடல் அந்த வேலையைச் செய்யாத இடத்தில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே ஏன் நாற்று ஒதுங்கவில்லை என்பதே. புளோரிடாவில் றொபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் பல பத்தாண்டுகளாக வலியுறுத்திவந்த முறை இதுதான்: நீரின் வரத்தையும் போக்கையும் முதலில் சீர்செய், நாற்று வந்து சேர வழியே இல்லாத இடத்தில் மட்டும் நடு. பிலிப்பைன்ஸில் இதைக் கேளாமல் பெரும் பொருட்செலவில் பல பத்தாண்டுகள் நட்டபோது, நீண்டகால நோக்கில் தப்பிப் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம் வரைதான்.

யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியை இந்தக் கேள்வியோடு பார்த்தால், கண்ணில் முதலில் படுவது கன்றில்லாத கரையாக இராது. பண்ணைப் பாலம், பொன்னாலையிலிருந்து காரைநகர் செல்லும் வீதி, நாவற்குழி, ஆனையிறவு என்று ஆழமற்ற நீரின் குறுக்கே நாம் மண்ணும் கல்லும் கொட்டி அமைத்த நெடுவீதிகள் கண்ணில் படும். அந்த வீதிகள் இல்லாமல் நம் வாழ்வு இல்லை. தீவகத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்த வீதியின் அருமை தெரியும். ஆயினும் ஒரு மைல் அகல நீர்ப்பரப்பு ஒரு சில மதகுகளின் வழியாக மட்டும் மூச்சுவிட நேர்ந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதை, வீதி போடும்போதும் அகலிக்கும்போதும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் வரை செல்லும் நீர், மேற்கே உள்ள நீரிலிருந்து ஏறத்தாழத் துண்டிக்கப்பட்டதாகவே இருக்கிறது. உவர்ப்பு ஏறி இறங்கும் விதம், இறால் குஞ்சுகள் உள்ளே வரும் காலம், சேறு படியும் இடம் எல்லாம் அதனால் மாறுகின்றன. ஒரு வீதியைப் புனரமைக்கும்போது கூடுதலாக நான்கு மதகுகள் வைப்பது பத்தாயிரம் கன்றுகளை நடுவதைவிடக் கண்டலுக்கு நன்மை செய்யக்கூடும். ஆனால் மதகின் அருகில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்டல் இல்லாத சேற்றுவெளியைப் பார்த்ததும் அது தரிசு என்று முடிவுகட்டிவிடுகிறோம். தரவை என்று நாம் சொல்லும் திறந்த புல்வெளிகளும் சேற்றுவெளிகளும் மழைமுடிவில் ஆழம் குறைந்த நீரைத் தாங்கி நிற்கும்போது, வட ஆசியாவிலிருந்து மத்திய ஆசிய வான்வழியாக வரும் பறவைகள் அங்கேதான் இறங்குகின்றன. ஊசிவால் வாத்துகள், கருவால் மூக்கன்கள், நீரில் தலைகீழாக அலகை வைத்து வடிகட்டி உண்ணும் பூநாரைகள் ஆகியவற்றுக்கு வேண்டியது மரமற்ற திறந்தவெளி. அவ்வெளியில் கன்றை நெருக்கி நட்டால், கன்றும் பிழைக்காது, பறவையும் இறங்காது. காடு மட்டுமே இயற்கை என்ற எண்ணம் உலகெங்கும் புல்வெளிகளையும் சதுப்புகளையும் அழித்திருக்கிறது. கடலுக்கு அடியிலும் இதே கதைதான். வாடைக் காலத்தில் கரையொதுங்கும் சாதாளையை அள்ளிச் சென்று தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்த்திய தலைமுறை நம் தீவுகளில் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடலுக்குள் புல் இருக்கிறது என்பார்கள். அந்தக் கடற்புல் வெளிதான் இறாலுக்கும் நண்டுக்கும் ஓராவுக்கும் தொட்டில், ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு மேய்ச்சல் நிலம். ஆவணங்களில் அது பெரும்பாலும் வெறும் நீராகவே குறிக்கப்படுகிறது.

நடாமலே திரும்பிவந்த மரங்களைப் பற்றிப் பேசுவதானால் நைஜர் நாட்டை விட்டுவிட முடியாது. சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள அந்த நாட்டின் மராடிப் பகுதியில், 1980களின் தொடக்கத்தில் டோனி றினோடோ என்ற அவுஸ்திரேலியர் மரநடுகைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். நட்டவற்றில் பெரும்பகுதி காய்ந்து போயின. வயல்களில் ஆங்காங்கே காணப்பட்ட பற்றைகளை ஒருநாள் உற்றுப் பார்த்தபோது அவை பற்றைகள் அல்ல, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளிலிருந்து ஆண்டுதோறும் துளிர்த்து ஆண்டுதோறும் மீண்டும் வெட்டப்படும் கிளைகள் என்பதை அவர் கண்டுகொண்டார். மண்ணுக்கு அடியில் வேர்களாக ஒரு காடு உயிரோடு காத்திருந்தது. உழவர்கள் செய்ய வேண்டியிருந்தது, நல்ல துளிர்கள் சிலவற்றைத் தெரிந்து விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்து, மேய்ச்சலிலிருந்து காப்பது மட்டுமே. மரமெல்லாம் அரசின் சொத்து என்றிருந்த பழைய சட்டத்தின் பிடி நடைமுறையில் தளர்ந்து, தன் வயலில் நிற்கும் மரம் தனக்கே பயன்படும் என்ற நம்பிக்கை உழவருக்கு வந்தபோது அந்த முறை ஊர் ஊராகப் பரவியது. இருபது ஆண்டுகளில் சுமார் 50 இலட்சம் ஹெக்டேயர் நிலத்தில் மரங்கள் மீண்டன. கன்றின் விலை, போக்குவரத்து, விழா எதுவும் இல்லை. சட்டத்தில் ஒரு தளர்வும், உழவரின் கையில் ஒரு கத்தியும் போதுமானவையாக இருந்தன.

நமக்கும் இப்படியொரு காட்சி வாய்த்தது, நாம் விரும்பாத விதத்தில். வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாகப் பூட்டப்பட்டிருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உரிமையாளர்கள் தங்கள் வீட்டு வாசலைத் தேடிக் காட்டுக்குள் நுழைய நேர்ந்தது. வேம்பும் வடலியும் ஆலும் கூரையில்லாத சுவர்களுக்குள் வளர்ந்து நின்றன. மனிதர் வெளியேற்றப்பட்டால் இயற்கை வந்துவிடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். அந்த வாதத்தை என் முழு மனத்தோடும் மறுக்கிறேன். ஒரு தலைமுறை அகதி முகாமில் பிறந்து வளர்ந்த விலையில் கிடைத்த பசுமையை எவரும் முன்மாதிரி என்று சொல்லக்கூடாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் வேறு: நம் மண்ணில் விதையும் வேரும் இன்னும் சாகவில்லை. அந்த வலிமையை மனிதர் வாழும் நிலத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதே வேலை.

நடுகை முழுவதும் வீண் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையோரக் களப்புகளில் 1930களில் ஒரு நோயும் 1933இல் வீசிய புயலும் சேர்ந்து கடற்புல்லை முற்றாக அழித்துவிட்டன. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே புல் திரும்பவில்லை. காரணத்தைத் தேடியவர்கள், நீர் தெளிவாக இருக்கிறது, வெளிச்சம் அடிவரை செல்கிறது, இல்லாதது விதை மட்டுமே என்று கண்டார்கள். 1999இல் தொடங்கிய அந்த முயற்சியில் இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். விதைத்த பரப்பு 200 ஹெக்டேயருக்குச் சற்று மேல்; புல் தானாகவே பரவி நிரப்பிய பரப்பு ஏறத்தாழ 3,600 ஹெக்டேயர். அந்த முயற்சியில் என்னைக் கவர்வது விதையின் தொகையைவிட, விதைப்பதற்கு முன் அவர்கள் கேட்ட கேள்வி. இடம் தயாராக இருக்கிறதா, எது குறைகிறது என்று கேட்டு, குறைந்ததை மட்டும் கொடுத்தார்கள். நீர் கலங்கியிருந்தால் அந்த 7 கோடி விதையும் சேற்றில் புதைந்திருக்கும்.

இடம் தயாராவதற்குச் சில வேளைகளில் நாம் கை ஓய்ந்திருப்பதே போதும். மெக்சிக்கோவின் கபோ புல்மோ என்ற சிற்றூரின் முன்னால் உள்ள பவளப்பாறையை 1995இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் அவ்வூர் மீனவர் குடும்பங்களே. தாங்கள் பிடித்துத் தீர்த்த கடலைத் தாங்களே மூடினார்கள். காவல் காத்ததும் பெரும்பாலும் அவர்களே. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கும் மேலாகியதை, 463 சதவீத அதிகரிப்பை, ஆய்வாளர்கள் அளந்து பதிந்திருக்கிறார்கள். அக்குடும்பங்கள் சுற்றுலாவுக்கு மாறிப் பிழைத்தன. அந்த மாற்றம் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பது தெரியும். கிளாலியிலோ குருநகரிலோ நாளாந்தம் வலை வைத்து வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் கடலை மூடிவிட்டுப் படகுச் சவாரி நடத்துங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில், எந்த மாதங்களில், எந்தக் கண்ணளவு வலை கூடாது என்று தாமே விதித்துக்கொள்ளும் பழக்கம் நம் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குப் புதிதன்று. தடி நட்டு வலை கட்டும் களங்கட்டியை வைக்கும் இடத்துக்கும் முறைக்கும் ஊர்க்கட்டுப்பாடு இருந்த கரைகள் இவை. மூடச் சொல்பவர் யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இங்கேதான் உலகளாவிய பேச்சு நம் ஊரில் வந்து முட்டுகிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்புக்குள் கொண்டுவருவதென்று உடன்பட்டன. அந்த இலக்கை நான் வரவேற்கிறேன். உலகின் காடுகளும் சதுப்புகளும் பவளப்பாறைகளும் அழிகிற வேகத்துக்கு அதைவிடச் சிறிய இலக்கு போதாது. ஆனால் வரைபடத்தில் கோடு கீறுவது எளிது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்ந்தது. மன்னாரில் விடத்தல்தீவு 29,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட பரப்போடு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதன் ஒரு துண்டை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானியும் வெளியானது, சூழலியலாளர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். மறுபுறத்தில், போர் முடிந்து ஊர் திரும்பிய பல குடும்பங்கள், தங்கள் தந்தையர் உழுத வயலில் திணைக்கள எல்லைக்கல் நடப்பட்டிருப்பதைக் கண்டு முறையிட்டு அலைகின்றன. உழவருக்கு இறுக்கமாகவும் முதலீட்டாளருக்கு நெகிழ்வாகவும் இருக்கும் கோடு எந்தப் பறவையையும் காக்காது. பல வருடமாகக் காணிப் பத்திரத்தோடு அலைகிற மனிதரிடம் சென்று, ஊசிவால் வாத்துக்காக ஒத்துழையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. அவரது காணிப் பிரச்சினையைத் தீர்ப்பது சூழல் காப்புக்கு வெளியே உள்ள வேலை என்று நான் நினைக்கவில்லை. அதுவே முதல் வேலை.

மொசாம்பிக்கின் கொறொங்கோசாப் பூங்கா இதை நன்கு உணர்த்துகிறது. 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலும் அதன் பின்விளைவிலும் அங்கிருந்த பெரிய விலங்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. பின்னர் பூங்காவை மீட்க முனைந்தவர்கள் விலங்குகளை மட்டும் கொண்டுவந்து விடவில்லை. சுற்றியுள்ள மக்களுக்கு மருத்துவ வசதி, பெண்பிள்ளைகளின் கல்வி, மலையில் நிழல்மரங்களுக்குக் கீழே கோப்பிப் பயிர் என்று பூங்காவின் வேலையாகவே எடுத்துச் செய்தார்கள். விலங்குகளின் தொகை திரும்பவும் பெருகியது. போரால் சிதைந்த நிலம், போரால் சிதைந்த மக்கள் ஆகிய இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிய அந்த முறையை நம் வடக்குக்காகக் கவனமாகக் கற்க வேண்டும்.

ஊர் ஒன்றுபட்டாலும் போதாத இடங்கள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஈராக்கின் தென்பகுதிச் சதுப்புநிலங்களை 1990களில் சதாம் ஹுசைன் அரசு அணைகட்டி வடித்துக் காயவைத்தது. நாணல் வீடுகளில் வாழ்ந்த சதுப்பு நில மக்கள் சிதறினார்கள். 2003இல் அரசு வீழ்ந்ததும் மக்களே சென்று கரைகளை உடைத்து நீரை உள்ளே விட்டார்கள். நாணலும் பறவையும் வியக்கத்தக்க வேகத்தில் திரும்பின. 2016இல் அது உலக மரபுரிமை இடமானது. ஆனால் டைகிரிசும் யூபிரட்டீசும் பிறக்கும் மேல்நாடுகளின் அணைகளும் வறட்சியும் சேர்ந்து, திரும்பிய நீரை மறுபடி குறைத்துவிட்டன. நம் பாக்கு நீரிணையின் நிலையும் இத்தகையது. அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. மறுகரையிலோ, 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாக்களுக்கான காப்பகமாக அறிவித்தது. இரண்டும் நல்ல செயல்கள். ஆனால் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து வடமராட்சியிலிருந்து நெடுந்தீவு வரை கடற்புல் வெளிகளையும் நம்மவரின் வலைகளையும் கிழித்துச் செல்வது ஓயவில்லை. அப்படகுகளில் கூலிக்கு வருவோரும் தமிழ் பேசும் ஏழைகளே என்பதால் இதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஆயினும், ஆவுளியாவுக்கு அங்கே காப்பகமும் இங்கே இழுவைமடியும் என்ற நிலை நீடிக்கலாகாது. இழுவைப் படகு உரிமையாளர்களை அத்தொழிலிலிருந்து மாற்றுவதற்கு உரிய பணமும் உறுதியும் தில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரவேண்டும். அதைக் கேட்கும் உரிமை இரு கரைத் தமிழருக்கும் உண்டு.

பெரிய அரசுகள் அசையும்வரை நாம் செய்யக்கூடியதற்கு வருகிறேன். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மழைக்கு மட்டும் ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே நம் கிணறுகள் எல்லாம். அதை இறக்கிவைக்கவே நம் முன்னோர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களைத் தோண்டினார்கள். ஒரு குளம் நிரம்பினால் மிகுந்த நீர் அடுத்த குளத்துக்குச் செல்ல வாய்க்கால் வைத்தார்கள். இன்று பல குளங்களின் கட்டில் நடைபாதை இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, வரிசையாக மருதங்கன்றுகள் இருக்கின்றன. நீர் வரும் வாய்க்கால் மட்டும் மதிலால் மூடப்பட்டோ குப்பையால் நிரம்பியோ கிடக்கிறது. நீரற்ற குளத்தின் கட்டில் நிற்கும் மருது எத்தனை கோடையைத் தாங்கும்?

எங்கள் சனசமூக நிலையத்தில் இவ்வருட மரநடுகை பற்றிப் பேச்சு வந்தபோது நான் முன்வைத்த வேண்டுகோள் இதுதான். கன்றுகளுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே எடுத்து, ஊர்க் குளத்துக்கு வரும் வாய்க்காலை அதன் தலைப்பு வரை நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் குறித்து, வளவுக்காரர்களோடு இருந்து பேசித் திறக்க வேண்டும். முதியவர் ஒருவர், "தம்பி, வாய்க்கால் எந்த வளவுக்குள்ளால போகுதெண்டு எனக்குத் தெரியும், ஆனா அந்த வளவுக்காரர் கனடாவில இருக்கினம்" என்றார். அவர்களது தொலைபேசி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். குளக்கட்டில் தாமாக முளைத்து நிற்கும் வேம்பு, நாவல், விளாத்திக் கன்றுகளைச் சுற்றி முள்ளடைத்து மேய்ச்சலிலிருந்து காப்பதை ஊர்ப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எவை தாமாக வந்தவை, எவை நட்டவை என்று தனித்தனியே பதிவேட்டில் எழுதி, ஒவ்வொரு கோடை முடிவிலும் எண்ணிப் பார்ப்பதாக இருக்கிறோம்.